303 பேரில் நம்ம அம்மா இல்லை

மக்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூ சீசன் வந்தாச்சு. ஓமலூர், ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் என்று நம்ம பக்கம் எந்த இன்ஜினியரிங் காலேஜ் லேபுக்குள் நுழைந்தாலும் ஒரு தலைப்பு மட்டும் தவறாமல் கண்ணில் படும்: "மெஷின் லேர்னிங் மூலம் இதயநோய் கணிப்பு". சிஎஸ்இ, ஐடி, ஈசிஇ, பயோமெடிக்கல் என்ற பாகுபாடே கிடையாது. சீனியர் பேட்ச் விட்டுப்போன கோடு, ஒரு சிஎஸ்வி ஃபைல், நாலு அல்காரிதம், கடைசியில் ஒரு அக்யூரசி பார் சார்ட். 85-க்கு மேல் வந்தால் பேப்பர். 90-க்கு மேல் வந்தால் கேன்டீனில் ட்ரீட்.

தலைப்பைக் கிண்டல் பண்ண நான் வரலை. நிஜமாகவே உயிர் சம்பந்தப்பட்ட தலைப்பு அது. நான் சொல்ல வருவது ஒன்றுதான். நாம் எல்லாரும் பயன்படுத்தும் அந்த ஃபைல், பெண்களுக்கு வரும் இதயநோயில் ஒரு பெரிய பகுதியைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. அதை வைத்து மாடல் கட்டும் நாமும் எடுத்துக்கொள்வதில்லை. அதே கண்ணோடுதான் வீட்டுக்குப் போய் அம்மாவையும் பார்க்கிறோம்.

ஃபைலைக் கொஞ்சம் திறந்து பாருங்க

யுசிஐ தளத்தில் கிடைக்கும் கிளீவ்லாண்ட் டேட்டாசெட் பற்றித்தான் பேசுகிறேன். அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் 1981 மே முதல் 1984 செப்டம்பர் வரை ஆஞ்சியோகிராம் எடுக்க அனுப்பப்பட்ட 303 பேரின் விவரம் அது. நம்மில் பலருடைய அம்மாக்கள் பால்வாடி போய்க்கொண்டிருந்த காலம். 303 பேரில் ஆண்கள் 206, பெண்கள் 97. நோய் இருப்பதாகக் குறிக்கப்பட்டவர்கள் 139 பேர். அதில் ஆண்கள் 114, பெண்கள் 25 பேர்தான்.

இப்போ நாம் வழக்கமாகச் செய்யும் 80-20 பிரிப்பைப் போட்டுப் பாருங்க. டெஸ்ட் செட்டுக்கு 61 பேர் வருவார்கள். அதில் நோயுள்ள பெண்கள் சுமார் 5 பேர். உங்கள் மாடல் அந்த 5 பேரையும் கோட்டை விட்டுவிட்டு, மீதி 56 பேரையும் சரியாகச் சொன்னால்கூட அக்யூரசி 91 சதவீதத்துக்கு மேல் நிற்கும். ரிவ்யூவில் கைதட்டல் கிடைக்கும். ஒரு பெண்ணைக்கூட காப்பாற்றாத மாடலுக்குத்தான் அந்தக் கைதட்டல்.

இன்னொரு கொடுமையும் உண்டு. கேகிளில் ரொம்ப நாள் சுற்றிவந்த ஒரு பிரதியில் நோய் உண்டு, இல்லை என்ற 1-ம் 0-வும் தலைகீழாகப் பதிவாகியிருந்தன. அதை அப்படியே எடுத்துப் படம் வரைந்தால், பெண்களில் நான்கில் மூன்று பேருக்கு இதயநோய் என்று வரும். டேட்டா எங்கிருந்து வந்தது, என்ன சொல்கிறது என்று கேட்காமல் மாடல் கட்டினால் முடிவு இப்படித்தான் இருக்கும்.

இதெல்லாம்கூட சரிசெய்யக்கூடிய தவறுகள். இதைவிடப் பெரிய விஷயம், அந்த 1 என்பதன் அர்த்தம். ஆஞ்சியோவில் ஒரு பெரிய ரத்தக்குழாய் 50 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தால் 1. இல்லையென்றால் 0. அதாவது நம் மாடல் கணிப்பது "இதயநோயை" அல்ல, பெரிய குழாயின் அடைப்பை. இரண்டும் ஒன்றுதானே என்று தோணும். ஆண்களில் பெரும்பாலும் ஒன்றுதான். பெண்களில் பல நேரம் ஒன்று இல்லை.

ரத்தக்குழாய் பிவிசி பைப் இல்லை

போர்வெல்லுக்கு இறக்கும் கேசிங் பைப் மாதிரி ரத்தக்குழாயை நினைத்துக்கொண்டிருந்தால் அந்தப் படத்தை அழித்துவிடுங்க. அது உயிருள்ள குழாய். தேவைக்கேற்ப விரியும், சுருங்கும். அதை விரியச் சொல்வது உள்பக்கம் ஒற்றை வரிசையாக ஒட்டியிருக்கும் செல் அடுக்கு. எண்டோதீலியம் என்று பெயர். ராபர்ட் ஃபர்ச்காட் 1980-ல் வெளியிட்ட முயலின் ரத்தக்குழாய் ஆய்வில், இந்த அடுக்கு உரசிப் போய்விட்டால் குழாய் தளர்வதே இல்லை என்று காட்டினார். அந்த அடுக்கு வெளியிடும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று பிறகு தெரிந்தது. 1998-ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த அடுக்கு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க எளிமையான ஒரு சோதனை இருக்கிறது. பிபி பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, 5 நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்தி, பிறகு விட வேண்டும். ரத்தம் பாய்ந்து வரும்போது சுவரில் உரசல் விசை கூடும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படித்த அதே ஷியர் ஸ்ட்ரெஸ்தான். ஆரோக்கியமான குழாய் அதை உணர்ந்து விரியும். எத்தனை சதவீதம் விரிந்தது என்று அல்ட்ராசவுண்டில் அளக்கலாம். அடைப்பு உருவாக ஆரம்பிப்பதற்குப் பல வருடம் முன்பே இந்த விரிவு குறையத் தொடங்கிவிடும். அதனால்தான் வரப்போகும் இதயநோய்க்கு இது ஒரு முன்னறிவிப்பு என்று மதிக்கிறார்கள்.

இந்த முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் செலர்மாயரின் குழு, 1994-ல் ஆரோக்கியமானவர்களை வயதுவாரியாக அளந்து பார்த்தது. ஆண்களுக்கு 40 வயதை ஒட்டியே குழாயின் விரியும் திறன் குறைய ஆரம்பித்தது. பெண்களுக்கு 50-ஐத் தாண்டும்வரை குறையவில்லை. ஆனால் அதற்குப் பிறகு குறைந்த வேகம் ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மாதவிடாய் நிற்கும் வயதும் அதேதான். நைட்ரிக் ஆக்சைடு உற்பத்திக்கு ஈஸ்ட்ரோஜன் துணை நிற்கிறது. அது குறையும்போது குழாயும் தளர்வதை மறக்கிறது. அப்படியென்றால் ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் போதுமே என்று மருத்துவ உலகமும் நினைத்தது. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குப் பாதிப்பு கூடியதால் 2002-ல் அதை நடுவிலேயே நிறுத்தினார்கள். குறுக்குவழி வேலைக்கு ஆகவில்லை.

அப்போ 50 வயதுவரை கவலை இல்லையா? அதுவும் இல்லை. 2020-ல் வெளியான ஒரு ஆய்வு 32,833 பேரின் ரத்த அழுத்த அளவுகளைப் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பார்த்தது. ஒரு பெண்ணின் 20-களிலேயே ரத்த அழுத்தம் ஏறும் சரிவு ஆண்களைவிடச் செங்குத்தாக இருந்தது. சர்க்கரை நோய் வந்துவிட்டால், பெண் என்பதால் கிடைத்துவந்த பாதுகாப்பு பெரும்பகுதி போய்விடுகிறது.

மெயின் பைப் சரி, லேட்டரலில் தண்ணி வரலை

பாய்ஸ்யூல் விதி ஞாபகம் இருக்கா? ஓட்டம், ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதம். ஆரம் 10 சதவீதம் குறைந்தால் அதே அழுத்தத்தில் ஓட்டம் 34 சதவீதம் குறையும். உடல் அளவைக் கழித்துப் பார்த்தாலும் பெண்களின் இதயத் தமனிகள் ஆண்களுடையதைவிடச் சிறியவை. அந்தத் தமனிகளிலிருந்து பிரியும் நுண்குழாய்கள் விரிய மறுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

மரவள்ளிக்கோ மஞ்சளுக்கோ சொட்டுநீர் போட்ட தோட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மெயின் பைப்பில் தண்ணி ஜோராக ஓடும். லேட்டரல் குழாய் வேலை செய்யாவிட்டால் செடி வாடும். மெயின் பைப்பை மட்டும் பார்த்து "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொன்னால் செடி பிழைக்காது. ஆஞ்சியோ காட்டுவது மெயின் பைப்பை.

அமெரிக்காவில் 1996-ல் தொடங்கிய வைஸ் என்ற ஆய்வு இதைத்தான் காட்டியது. நெஞ்சுவலிக்காக ஆஞ்சியோவுக்கு வந்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் பெரிய அடைப்பு இல்லை. அப்படி அடைப்பு இல்லாதவர்களைச் சோதித்தபோது ஏறக்குறைய பாதிப் பேருக்கு நுண்குழாய்கள் சரியாக விரியவில்லை. "ஒண்ணும் இல்லம்மா, நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்பப்படும் பெண்கள் இவர்கள். பின்தொடர்ந்து பார்த்தார்கள். வலி இருந்து, ஆஞ்சியோ நார்மலாக இருந்த பெண்களில் 5 வருடத்தில் 7.9 சதவீதம் பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்பு வந்தது. வலியே இல்லாத பெண்களில் அது 2.4 சதவீதம். நார்மல் என்ற சொல்லுக்குள் மூன்று மடங்கு ஆபத்து ஒளிந்திருந்தது.

நம் ப்ராஜெக்ட் ஃபைலில் இப்படிப்பட்ட பெண்ணுக்கு என்ன லேபிள்? 0. நாம் மாடலுக்குக் கற்றுக்கொடுப்பதே அதுதான்.

யாரை வைத்து அளந்தார்கள்

ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று பார்த்த புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில் 22,071 டாக்டர்கள் கலந்துகொண்டார்கள். அத்தனை பேரும் ஆண்கள். 1991-ல் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தின் முதல் பெண் தலைவரான பெர்னடீன் ஹீலி, பெண்ணின் இதயநோய் ஆணுடையதைப் போலவே இருந்தால்தான் அவளுக்குச் சிகிச்சை கிடைக்கிறது என்று எழுதினார். அரசு நிதியில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்ததே 1993-ல்தான்.

அந்த ஃபைலில் இருக்கும் "வழக்கமான நெஞ்சுவலி", "வழக்கமல்லாத நெஞ்சுவலி" என்ற காலமும் அப்படி வந்ததுதான். யாருக்கு வழக்கம்? பெண்களுக்கும் மாரடைப்பில் அதிகமாக வரும் அறிகுறி நெஞ்சுவலிதான், அதில் குழப்பம் வேண்டாம். அதோடு சேர்ந்து மூச்சுவாங்கல், தாடை வலி, முதுகு வலி, குமட்டல், காரணமில்லாத அசதி ஆகியவை பெண்களுக்குக் கூடுதலாக வரும். 2021-ல் அமெரிக்க இதய அமைப்புகள் வெளியிட்ட நெஞ்சுவலி வழிகாட்டுதல், "வழக்கமல்லாத" என்ற சொல்லையே விட்டுவிடச் சொல்லிவிட்டது. நம் ஃபைலில் மட்டும் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

சரி, அமெரிக்காவை விடுங்க. நம்ம நாட்டில்? 2008-ல் வெளியான கிரியேட் பதிவேடு, இந்தியா முழுக்க 20,468 மாரடைப்பு நோயாளிகளின் விவரத்தைத் தொகுத்தது. பிறகு வந்த கேரளப் பதிவேட்டில் 25,748 பேர். இரண்டிலும் பெண்கள் கால்வாசிக்கும் குறைவு. பெண்களுக்கு நோய் தாமதமாக வருவது இதற்கு ஒரு காரணம். ஆனால் அது மட்டும்தான் காரணமா? டெல்லி எய்ம்ஸில் இதய அறுவைசிகிச்சை பரிந்துரைக்கப்பட்ட 405 குழந்தைகளைப் பற்றி 2011-ல் ஒரு ஆய்வு வந்தது. ஓராண்டுக்குள் ஆண் குழந்தைகளில் 70 சதவீதம் பேருக்கு ஆபரேஷன் நடந்திருந்தது. பெண் குழந்தைகளில் 44 சதவீதம். அங்கே ஈஸ்ட்ரோஜனும் இல்லை, அறிகுறிக் குழப்பமும் இல்லை. நோய் என்னவென்று தெரியும், டாக்டர் சொல்லியும் ஆயிற்று. வித்தியாசம் வீட்டில்தான் இருந்தது.

அந்த வீடு நம்ம வீடு மாதிரியும் இருக்கலாம் என்பதுதான் என் கவலை. குமாரபாளையத்தில் தறி ஓட்டும் அம்மா, கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கும் அக்கா, சேகோ மில்லில் கிழங்கு உரிக்கும் பெரியம்மா, சேலத்தில் வீட்டிலேயே உட்கார்ந்து கொலுசுக்கு மணி கோர்க்கும் சித்தி. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. நெஞ்சு அடைக்குதுன்னு சொன்னால் "வாயுவா இருக்கும், ஓமத்தண்ணி குடி" என்று அடுத்தவர் சொல்வதற்குள் அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். அப்பாவுக்கு அதே மாதிரி இருந்தால் பக்கத்து வீட்டுக் கார் அஞ்சு நிமிஷத்தில் வாசலில் நிற்கும். அம்மாவுக்கு என்றால், "காலையில பாத்துக்கலாம் கண்ணு". கிரியேட் பதிவேட்டில் முழு அடைப்பு மாரடைப்பு வந்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துசேர எடுத்த நேரத்தின் இடைநிலை அளவு 360 நிமிடம். ஆறு மணி நேரம். காலையில் பார்ப்பதற்குள் இதயத்தசை போய்விடும்.

"ஆண்களுக்குத்தானே அதிகம் வருது?" என்று கேட்பீர்கள். இளம் வயதில், ஆமாம். ஆனால் உலக அளவில் பெண்களின் மரணத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இதய, ரத்தக்குழாய் நோய்களால்தான். பெண்களை எந்தப் புற்றுநோயைவிடவும் அதிகமாகக் கொல்வது இதுதான். நல்ல செய்தியும் உண்டு. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, 2004-ல், பெண்களின் முதல் மாரடைப்பில் 94 சதவீதத்தை மாற்றக்கூடிய 9 காரணிகளால் விளக்கலாம் என்று கண்டது. விதி இல்லை. அளந்தால் மாற்றலாம்.

நம்ம கையில் என்ன இருக்கு

முதலில் ப்ராஜெக்ட். ஒட்டுமொத்த அக்யூரசி மட்டும் போட்டு ரிவ்யூவுக்குப் போகாதீங்க. கன்ஃப்யூஷன் மேட்ரிக்ஸை ஆண், பெண் என்று இரண்டாகப் போடுங்க. பெண்களுக்கான ரீகால் தனியாக எவ்வளவு என்று எழுதுங்க. லேபிள் குறிப்பது பெரிய குழாய் அடைப்பை மட்டும்தான் என்று ரிப்போர்ட்டிலேயே சொல்லிவிடுங்க. அக்யூரசி குறைந்தால் குறையட்டும். கைடு கேட்டால் காரணம் சொல்ல உங்களிடம் விஷயம் இருக்கும். பயோமெடிக்கல், ஈசிஇ நண்பர்களுக்கு ஒரு சவால்: கைப்பட்டையும் சென்சாரும் வைத்து குழாயின் விரிவை அளக்கும் மலிவான கருவி ஒன்றுக்கு முயற்சி செய்யுங்க. 91-ஐ 93 ஆக்குவதைவிட அது நல்ல ப்ராஜெக்ட்.

ரிவ்யூ பேனலில் உட்காரும் சார், மேடம்களுக்கும் ஒரு வேண்டுகோள். "அக்யூரசி எவ்வளவு?" என்பதற்கு அடுத்து "பெண்களுக்கு எவ்வளவு?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அடுத்த வருஷமே நிலைமை மாறும்.

அடுத்தது வீடு. அந்த ஃபைலில் நாம் பயன்படுத்தும் 13 அம்சங்களில் கர்ப்பம் பற்றி ஒன்றுமே இல்லை. ஆனால் கர்ப்பகாலத்தில் ரத்தக்கொதிப்பு முற்றி பிரீ-எக்லாம்ப்சியா வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. கர்ப்பகாலச் சர்க்கரையும் அப்படித்தான். குழாய்களின் பலவீனம் முதலில் வெளியே தெரியும் இடம் பிரசவம். 2011 முதல் அமெரிக்க இதயச் சங்கம் இதை ஆபத்துக் காரணியாகவே சேர்த்திருக்கிறது. அதனால் அம்மாவிடம் மூன்று கேள்வி கேளுங்க. நாங்க வயித்துல இருந்தப்போ பிபி ஏறுச்சா, சர்க்கரை இருந்துச்சா, குறைமாசமா பிறந்தோமா? மாதவிடாய் எந்த வயசுல நின்னுச்சு, கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தாங்களா? கடைசியா பிபி, சர்க்கரை, கொழுப்பு எப்போ பாத்தீங்க? அம்மாயி, அத்தை, பெரியம்மாவிடமும் கேளுங்க. பதிலை ஃபோனில் ஒரு நோட்டாக வைத்துக்கொள்ளுங்க. பிரசவத்தின் நர்ஸ் அட்டை வீட்டுப் பீரோவில் இருந்தால் ஒரு படம் எடுத்து வையுங்க.

அந்தக் குறிப்பை எங்கே காட்டுவது? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் பிபி, சர்க்கரை பார்க்க வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். தறிக்குப் போகும் நேரத்தில் வந்தால் அம்மா தவறவிடுவார், அதனால் எப்போது வருவார்கள் என்று நீங்கள் கேட்டு வையுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரிடம் "பிரசவத்துல பிபி இருந்துச்சு" என்று அம்மா வாயாலேயே சொல்லட்டும். பல நேரம் யாரும் கேட்பதில்லை, நாமாகச் சொல்ல வேண்டியதுதான்.

கடைசியாக, அவசரம் என்று வந்தால். நெஞ்சில் அழுத்தம், வேலை செய்தால் கூடி ஓய்வெடுத்தால் குறையும் வலி, திடீர் வியர்வை, மூச்சுவாங்கல், தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்க. ஈசிஜி எடுக்கச் சொல்லுங்க. 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, நாமக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நீங்களாக எந்த மாத்திரையும் கொடுக்க வேண்டாம். ஆஞ்சியோ நார்மல் என்று சொல்லியும் வலி தொடர்ந்தால், "சின்னக் குழாய்ல பிரச்சினை இருக்குமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்க. அந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் இன்று இடம் உண்டு.

இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போகிறவர்கள், போகிற வழியில் மெடிக்கலில் ஒரு பிபி மெஷின் வாங்க முடியுமா பாருங்க. நாலு பேர் சேர்ந்து காசு போட்டால் தெருவுக்கே ஒன்று வாங்கலாம். அப்பாவுக்குப் பார்த்து முடித்ததும் உறையில் போட்டு மூடிவிடாதீங்க. அடுப்படியிலிருந்து "எனக்கெதுக்கு, நான் நல்லாத்தான இருக்கேன்" என்று குரல் வரும். அந்தக் கையிலும் ஒரு தடவை பட்டையைக் கட்டுங்க.